நாக்கின் மீது சுமத்தப்பட்ட பழி

மக்கள் நோயுறுவதற்குக் காரணம் அவர்களுடைய நாக்கே என்பது நல்லுணவு பற்றிப் பேசுவோரிடையே இன்று ஏறத்தாழ மறுப்பின்றி நிலவும் கருத்தாகும். சோற்றையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் குறைத்துக்கொண்டு ப்ரோக்கோலி, ஓட்ஸ், கினோவா முதலியவற்றுக்குப் பழகிக்கொள்ளும் மனவுறுதி இருந்தால் சர்க்கரை நோயும் உடற்பருமனும் விலகிவிடும் என்றும், அந்த உறுதி இல்லாதவர்களே மருத்துவமனை வாசலில் காத்துக் கிடக்கிறார்கள் என்றும் நலவாழ்வு இதழ்களும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் எடைக்குறைப்பு நிலையங்களின் உணவு அட்டவணைகளும் திரும்பத் திரும்பச் சொல்லிவருகின்றன. மலைக்குளிரில் விளையும் பச்சைப் பூக்கோசு வகையான ப்ரோக்கோலி இக்கருத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அதை விரும்பி உண்பவர் அறிவுடையவர், முகம் சுளிப்பவர் அறியாதவர் என்று மக்கள் இரண்டாகப் பிரிக்கப்படுகிறார்கள். திருவாரூர் போன்ற நெல்விளையும் மாவட்டத்தில் வைத்துப் பார்க்கும்போது இக்கருத்து எந்த இடத்திலும் நிற்பதில்லை. காவிரிக் கடைமடையில் ஒரு குடும்பத்தின் தட்டில் என்ன விழுகிறது என்பதைத் தீர்மானிப்பவை நிலமும் கொள்முதலும் கூலியும் அடுப்படி உழைப்புமே. நாக்கு இவற்றால் உருவானதேயன்றி இவற்றுக்குக் காரணம் அன்று.

எதிர்த்தரப்பின் வலுவை முதலில் ஒப்புக்கொள்வதே முறை. நோய் உண்மையானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானபோது, இந்தியாவில் வயதுவந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு, நீரிழிவு இருப்பதாகத் தெரியவந்தது. தமிழ்நாட்டில் அந்த அளவு 14.4 விழுக்காடு. அதே தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தச்சோகை உடையவர்கள் என்று 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒருவருக்கு நாளொன்றுக்குக் கீரையும் காயுமாக 400 கிராம், பழம் 100 கிராம், தானியம் 250 கிராம் என்று வகுத்திருக்க, கடைமடை வீடுகளின் வேலைநாள் சாப்பாட்டில் சோறு மலையாகவும் காய் ஒரு கரண்டியாகவும் இருப்பதைக் கண்ணால் காணலாம். ப்ரோக்கோலி நல்ல காய் என்பதிலும் ஐயமில்லை. ஆகவே மறுக்கப்படுவது நோயோ காய்கறியின் தேவையோ அன்று. இந்த நோய்க்கு இன்னார் பொறுப்பு, இன்ன பொருள் மருந்து என்று சொல்லப்படும் முடிவே மறுக்கப்படுகிறது.

1. ஒரு தனிப்பொருளில் நலம் இல்லை

ப்ரோக்கோலியில் இருப்பதும் உள்ளூர்க் காயிலும் கீரையிலும் இல்லாததுமான சத்து எது? இக்கேள்விக்கு விடை தேடினால் எதிர்த்தரப்பின் முதல் தூண் ஆட்டம் காண்கிறது. முட்டைக்கோசு, காலிஃபிளவர், நூல்கோல், ப்ரோக்கோலி ஆகிய நான்கும் தாவரவியல்படி ஒரே சிற்றினத்தின் வேறுவேறு வளர்ப்பு வடிவங்கள். முள்ளங்கியும் கடுகும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பம் முழுவதிலும் குளுக்கோசினோலேட்டுகள் எனப்படும் கந்தகம் கலந்த சேர்மங்கள் இருக்கின்றன. காயை நறுக்கும்போதோ மெல்லும்போதோ மைரோசினேஸ் என்னும் நொதி அவற்றின்மீது செயல்பட்டுக் காரமும் கசப்பும் உடைய புதிய பொருள்களை உண்டாக்குகிறது. அப்படி உண்டாகும் சல்ஃபோராபேன் என்ற பொருளை 1992இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ப்ரோக்கோலியிலிருந்து பிரித்தெடுத்து, உடலின் நச்சுநீக்க நொதிகளை அது தூண்டுவதைக் காட்டியதிலிருந்தே இக்காயின் புகழ் பரவியது. அந்தச் சேர்மத்தின் அளவில் ப்ரோக்கோலி தன் உறவுக் காய்களை முந்துகிறது என்பது உண்மைதான். ஆனால் புற்றுநோயைத் தடுக்கும் என்ற பேச்சுக்கு அடிப்படையான சான்றுகளில் பெரும்பகுதி ஆய்வகச் செல்களிலும் விலங்குகளிலும் சிறு மனிதக் குழுக்களிலும் கிடைத்தவை. ப்ரோக்கோலி உண்பதால் மட்டுமே ஒருவர் நோயிலிருந்து தப்புவார் என்று எந்த ஆய்வும் நிறுவவில்லை. போதாக்குறைக்கு, நெடுநேரம் வேகவைத்தால் அந்த நொதியே அழிந்துபோகிறது.

பொதுவான சத்துகளின் கணக்கு இன்னும் தெளிவானது. 100 கிராம் பச்சை ப்ரோக்கோலியில் 90 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி-யும் 50 மில்லிகிராமுக்குக் குறைவான கால்சியமும் உள்ளன. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு உணவுப் பகுப்பாய்வு அட்டவணையின்படி அதே எடையுள்ள முருங்கைக்கீரையில் கால்சியம் 300 மில்லிகிராமையும் வைட்டமின் சி 100 மில்லிகிராமையும் தாண்டுகின்றன; புரதமும் இரண்டு மடங்குக்கு மேல். ப்ரோக்கோலியில் உள்ள கால்சியத்தை உடல் எளிதில் உறிஞ்சிக்கொள்கிறது என்பதையும், கீரையைக் கொதிக்க வைக்கும்போது வைட்டமின் சி-யில் ஒரு பகுதி போய்விடுகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டாலும், கொல்லையில் வேலியோரம் நிற்கும் மரத்தின் இலை மலைக்காய்க்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. ஏகாதசி நோன்பை முடிக்கும் துவாதசியன்று அகத்திக்கீரையையும் நெல்லிக்காயையும் உண்ணும் வழக்கமுள்ள நாட்டில், நலம் தரும் இலையையும் காயையும் புதிதாக யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சத்து என்பது பல பொருள்கள் பல நாள்களில் பல அளவுகளில் சேர்ந்து தருவது. ஒரு பொருளைக் கொடிபோல் உயர்த்திப் பிடிக்கும் அறிவுரை உணவியலின் அடிப்படையையே தவறவிடுகிறது.

2. கசப்புக்கு அஞ்சும் மக்கள் அல்லர்

நாக்குக்கு அடிமையானவர்கள் என்று யாரைச் சொல்கிறார்கள்? பாகற்காயைப் பொரியலாகவும் பிட்லையாகவும் உண்பவர்களை, சுண்டைக்காயை மோரில் ஊறவைத்து வற்றலாக்கிப் புளிக்குழம்பில் போடுபவர்களை, சித்திரை முதல் நாளில் வேப்பம்பூவைப் பச்சடியில் சேர்ப்பவர்களை, மணத்தக்காளியையும் அகத்தியையும் விரும்பிக் கேட்பவர்களைத்தான். இவற்றோடு ஒப்பிட்டால் ப்ரோக்கோலியின் கசப்பு மிக மெல்லியது. கசப்புணர்வில் பிறவி வேறுபாடு உண்டு என்பது அறிவியல் அறிந்த செய்தி: 1931இல் அமெரிக்க வேதியியலாளர் ஆர்தர் ஃபாக்ஸ், ஒரே வேதிப்பொருள் சிலருக்குக் கடுங்கசப்பாகவும் சிலருக்குச் சுவையற்றதாகவும் இருப்பதைக் கண்டார், அதற்குரிய மரபணு 2003இல் அடையாளம் காணப்பட்டது, கோசுக் குடும்பக் காய்களின் கசப்பைச் சிலர் மிகுதியாக உணர்வதற்கும் அதே மரபணுவோடு தொடர்பு உண்டு. உலகின் மிகச் செல்வாக்குள்ள பதவியில் இருந்த ஜார்ஜ் புஷ் 1990இல், சிறுவயதில் தாய் உண்ண வைத்த காலத்திலிருந்தே ப்ரோக்கோலி பிடிக்காது என்றும் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான பின் இனி உண்ணப்போவதில்லை என்றும் வெளிப்படையாக அறிவித்தார். கல்வியோ செல்வமோ அதிகாரமோ இக்காயின்மீது விருப்பத்தைத் தானாக உண்டாக்குவதில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சுவை எப்படி உருவாகிறது என்பதையும் எதிர்த்தரப்பு கணக்கில் கொள்வதில்லை. புதிய காயைக் குழந்தை முதன்முறை துப்பிவிடும். வற்புறுத்தாமல் பலமுறை சிறிதளவு கொடுத்துவந்தால் ஏற்றுக்கொள்ளும் என்பது குழந்தை உணவியலில் நன்கு நிறுவப்பட்ட முடிவு. பலமுறை கொடுத்துப் பார்க்க, வீணானாலும் தாங்கிக்கொள்ளும் வசதி வீட்டில் இருக்க வேண்டும். அடுத்தது சமையல். சுண்டைக்காயின் கசப்பு மோரும் உப்பும் வெயிலும் நல்லெண்ணெயும் புளியும் கூடித்தான் உண்ணத்தக்கதாகிறது; பாகற்காய்க்கு வெல்லமும் புளியும் தேங்காயும் துணை நிற்கின்றன. ப்ரோக்கோலியையோ வெந்நீரில் அவித்து மிளகுத்தூள் தூவி உண்ணுமாறு அட்டவணை சொல்கிறது. ஊறவைத்த துவரம்பருப்பைக் காய்ந்த மிளகாயோடு கரகரப்பாக அரைத்து, ஆவியில் வேகவைத்து உதிர்த்து, கடுகு தாளித்த எண்ணெயில் அரைவேக்காட்டுக் காயோடு பிரட்டும் தஞ்சாவூர்ப் பருப்பு உசிலி முறையில் அதே ப்ரோக்கோலியைச் செய்தால், கொத்தவரங்காயையும் அவரைக்காயையும் ஏற்றுக்கொண்ட நாக்கு அதையும் ஏற்கும். காயின் மேலுள்ள வெறுப்பாகக் காணப்படுவது பெரும்பாலும் சமையல் மரபிலிருந்து பிடுங்கி வைக்கப்பட்ட ஒரு பதார்த்தத்தின் மேலுள்ள வெறுப்பே.

3. நிலம் தருவதைத்தான் தட்டு தரும்

திருவாரூர் மாவட்டத்தில் காய்கறி ஏன் அரிதாக விளைகிறது என்று கேட்காமல், மக்கள் ஏன் காய்கறியைக் குறைவாக உண்கிறார்கள் என்று கேட்பது பாதிக் கேள்வியே. ப்ரோக்கோலி நன்கு பூக்கட்ட ஏறத்தாழ 15 முதல் 20 பாகை செல்சியஸ் வெப்பநிலை வேண்டும். அதனால்தான் தமிழ்நாட்டில் அது நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பயிராகிறது. வெண்ணாற்றின் கிளைகளான வெட்டாறும் பாமணியாறும் கோரையாறும் பாயும் கடைமடையில் கனத்த களிமண். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழையில் வயல்கள் முழுவதும் நீர் கட்டி நிற்கும். நெல் நிற்கும் அந்த நீரில் கத்தரியும் வெண்டையும் வேரழுகிப்போகும். கொள்ளிடக் கரையின் படுகை நிலங்களைப்போல வடிகால் வசதியுள்ள மண் இங்கே மிகக் குறைவு. ஆகவே திருச்சி காந்தி மார்க்கெட்டிலிருந்தும் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் லாரியில் வரும் காயையே பெரிதும் நம்பியிருக்கும் சிற்றூர்களில், மழைக்காலத்தில் வரத்து குறைந்தவுடன் விலை ஏறுகிறது. நடவு முடிந்து கூலிவேலை குறையும் மாதங்களும் அவையே.

மண்ணைவிட வலிய காரணம் கொள்முதல். 1960-61இல், திருவாரூரையும் உள்ளடக்கிய அன்றைய தஞ்சாவூர் மாவட்டம் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதிலிருந்து, ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் குறுகிய கால நெல் வகைகள், உரம், கடன், கால்வாய் நீர் ஆகிய அனைத்தும் நெல் என்ற ஒரே பயிரை நோக்கித் திருப்பப்பட்டன. பஞ்சத்தின் அச்சத்தில் இருந்த நாட்டுக்கு அது தேவையாகவே இருந்தது. இன்றும் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையம் அறிவித்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் என்ற உறுதி நெல்லுக்கு இருப்பதுபோல் வெண்டைக்காய்க்கு இல்லை. சம்பாவும் தாளடியும் அறுவடையாவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பாக ஈரக் களிமண்ணில் உளுந்தையும் பச்சைப்பயற்றையும் தெளித்து, பனியிலும் மிச்ச ஈரத்திலும் விளைவித்து எடுக்கும் நெல்தரிசுப் பயறு வேளாண்மை இவ்வட்டாரத்தின் புரதக் களஞ்சியமாக விளங்கியது. அறுவடை இயந்திரத்தின் சக்கரங்கள் முளைத்த பயற்றை நசுக்குவதாலும், கோடைப் பருத்தி கூடுதல் பணம் தருவதாலும் அதுவும் பல ஊர்களில் சுருங்கிவிட்டது. இவ்வளவும் அரசின் கொள்கையாலும் சந்தையின் விசையாலும் நடந்தவை. எவருடைய நாக்கும் இவற்றைத் தீர்மானிக்கவில்லை.

4. கூலியின் கணக்கைக் காணாத அறிவுரை

நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி என்பது நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 48 கிலோ. இந்த எளிய பெருக்கலை அறிவுரை கூறுவோர் ஒருமுறையேனும் செய்திருந்தால், மனவுறுதி என்ற சொல்லை இவ்வளவு தாராளமாகப் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள். நியாயவிலைக் கடையில் 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. 2007இல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தின்படி துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. வருமான வேறுபாடின்றி எல்லாருக்கும் திறந்திருக்கும் இந்த வழங்கல் முறை பட்டினியை விரட்டிய பெரும் சாதனை. அதைக் குறைசொல்வோர் பசியை அறியாதவர்கள். ஆனால் வயிற்றை நிரப்பும் மாவுச்சத்தும் எண்ணெயும் ஏறத்தாழ இலவசமாகவும், காயும் கீரையும் பழமும் முழுச் சந்தை விலைக்கும் கிடைக்கும்போது, கையில் உள்ள கூலியைக் கொண்டு பசியாற்ற முனையும் குடும்பம் சோற்றைக் கூட்டிக் காயைக் குறைப்பது அறியாமையன்று, பிழையற்ற கணக்கு.

இக்கணக்குக்கு நீண்ட வரலாறும் உண்டு. காவிரிப் படுகையின் பண்ணையாள்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. உழைத்தவர் உடல் சோற்றாலும் கஞ்சியாலும் வளர்ந்ததற்கு அந்தக் கூலி முறையே காரணம். 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் அளவுக்கான போராட்டம் ஓயவில்லை. கூலியைச் சற்று உயர்த்திக் கேட்டதன் பின்னணியில் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். இன்னும் சிறிது நெல்லுக்காக உயிர் போன மண்ணில், அந்த மக்களின் பேரப்பிள்ளைகளிடம் சோறு அதிகம் உண்பது நாக்கின் பலவீனம் என்று சொல்வது வரலாற்றையே அறியாத பேச்சு.

5. அடுப்படி உழைப்பும் வரப்புக் கீரையும்

கீரை மலிவாயிற்றே, அதை ஏன் உண்பதில்லை என்று எதிர்த்தரப்பு திருப்பிக் கேட்கலாம். முருங்கைக்கீரை ஒரு பிடி சட்டிக்குப் போவதற்கு முன் நடக்கும் வேலையைப் பார்த்தால் விடை கிடைக்கும். ஒடித்துவந்த கொத்தை இரவு துணியில் சுற்றி வைத்தால்தான் காலையில் இலை எளிதில் உதிரும். உதிர்ந்ததில் ஈர்க்கு ஈர்க்காகக் காம்பைப் பொறுக்க வேண்டும். பழுத்த இலையையும் பூச்சி முட்டை ஒட்டிய இலையையும் தள்ள வேண்டும். இரண்டு மூன்று நீரில் அலச வேண்டும். பிறகே பாசிப்பருப்போடும் பூண்டோடும் அது அடுப்பேறும். நான்கு பேருக்கு வேண்டிய கீரையை ஆய்ந்து முடிக்க முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. விடியற்காலையில் வேலைக்குப் புறப்பட்டுப் பொழுது சாய்ந்து திரும்பும் பெண்ணே இதையும் செய்ய வேண்டும் என்று எழுதாமல் எழுதப்பட்ட விதி இருக்கும்வரை, நல்லுணவு பற்றிய ஒவ்வோர் அறிவுரையும் அவளுடைய உறக்கத்திலிருந்து இன்னொரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும் கோரிக்கையாகவே முடிகிறது. ஆண்கள் கீரை ஆய்வதைப் பற்றி எந்த உணவு அட்டவணையும் பேசுவதில்லை.

காசில்லாமல் கிடைத்த கீரைகளும் இப்போது இல்லை. ஆரைக்கீரை, பொன்னாங்கண்ணி, வல்லாரை, கரிசலாங்கண்ணி ஆகியவை வயலிலும் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் தாமாக முளைத்தவை. களையெடுக்கப் போன பெண்கள் மாலையில் மடியில் கட்டிக்கொண்டு வந்தவை. நடவுக்குப் பதிலாக நேரடி விதைப்பும், களையெடுப்புக்குப் பதிலாகக் களைக்கொல்லியும் பரவியபோது, களையென்று அழிக்கப்பட்டவற்றோடு ஏழைகளின் கீரையும் சேர்ந்து அழிந்தது. களையெடுப்புக் கூலியும் உடன் போயிற்று. வயல்நண்டும் நத்தையும் வாய்க்கால் கெளுத்தியும் குறைந்துபோனதற்கும் பூச்சிமருந்தில் பெரும் பங்கு உண்டு. விலையின்றிக் கிடைத்த இரும்புச்சத்தையும் புரதத்தையும் உற்பத்திமுறை பறித்துக்கொண்ட பிறகு, அதே மக்களுக்கு இரத்தச்சோகை இருப்பதை அவர்களுடைய அறியாமையாக எழுதுவது அநீதி.

6. பழைய நெல்லும் மந்திரம் அன்று

இந்த இடத்தில் இன்னொரு குரல் எழும்: ப்ரோக்கோலியைத் தள்ளுங்கள், பாரம்பரிய அரிசிக்குத் திரும்புங்கள், எல்லா நோயும் தீரும் என்று. திருவாரூர் மாவட்டத்தில் இக்குரல் வலுவானது, காரணமும் பெருமைக்குரியது. ஆதிரெங்கத்தில் நெல் திருவிழாக்களை நடத்தி, மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், கருப்புக் கவுனி உள்ளிட்ட 174 பாரம்பரிய நெல் வகைகளை மீட்டு, 2018 டிசம்பரில் மறைந்த நெல் ஜெயராமனின் பணி விதைப் பாதுகாப்பில் நிகரற்றது. வெள்ளத்தையும் உவர்ப்பையும் தாங்கும் மரபுக்கூறுகளைக் காத்ததும், விதையை உழவரின் உரிமையாக நிறுத்தியதும் அதன் உண்மையான மதிப்பு. அந்த மதிப்பைச் சர்க்கரை நோய்க்கான மருந்து என்ற விளம்பரமாகச் சுருக்குவோர் அவருடைய உழைப்புக்கு நன்மை செய்வதில்லை. தவிடு நீக்காத அரிசியில் நார்ச்சத்து கூடுதல், அது இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் வேகமும் குறைவு என்பது மெய். ஆயினும் அந்த நெல்லையும் வெள்ளை வெளேரென்று பட்டை தீட்டினால் நன்மையில் பெரும்பகுதி தவிட்டோடு போகும். தீட்டாமல் விட்டாலும் மலையளவு உண்டால் அது மாவுச்சத்தின் மலையே. அரிசியை மாற்றிவிட்டுத் தட்டின் விகிதத்தை அப்படியே விடும் அறிவுரையும், ப்ரோக்கோலியைக் கொடியாக்கும் அறிவுரையும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள்: இரண்டும் ஒரு பொருளை வாங்கச் சொல்கின்றன, இரண்டும் அதை வாங்க முடியாதவரைக் கைவிடுகின்றன.

முன்னோர் நலமாக உண்டார்கள் என்ற நினைவும் யாருடைய முன்னோர் என்ற கேள்விக்கு உட்பட்டது. திருவாதிரைக் களியோடு ஏழு காய்க் கூட்டும், பொங்கலன்று பரங்கி, பூசணி, மொச்சை, சேனை, வாழைக்காய் எல்லாம் சேர்ந்த குழம்பும் மிராசுதாரர் வீட்டு இலையில் விழுந்தபோது, சேரியில் பழைய சோறும் மிளகாயும் இருந்தன. அயல்நாட்டுக் காய் என்பதற்காக ப்ரோக்கோலியை ஒதுக்குவதும் பொருந்தாது. மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. கோசும் காரட்டும் ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரியில் வேரூன்றி, இன்றும் திவசச் சமையலில் இங்கிலீஷ் காய் என்று விலக்கப்பட்டாலும் மற்ற நாள்களில் எல்லா வீட்டுச் சட்டியிலும் வேகின்றன. பிறப்பிடம் ஒரு காயின் தகுதியைத் தீர்மானிப்பதில்லை. விலையும் கிடைக்கும் தன்மையுமே தீர்மானிக்கின்றன.

7. வசதியுள்ளவரும் நோயுறுகிறாரே என்ற வாதம்

எதிர்த்தரப்பின் கடைசி அரண் இது: நிலமும் பணமும் உள்ளவரும் காயை ஒதுக்கிச் சோற்றையும் இனிப்பையும் உண்டு நோயுறுகிறார், எனவே குற்றம் தேர்வில்தான் இருக்கிறது. இதில் ஒரு பகுதி ஏற்கத்தக்கது. வாங்கும் ஆற்றலும் சமைக்க ஆளும் உடையவருக்குத் தம் தட்டின்மீது பொறுப்பு உண்டு, அவரிடம் மனவுறுதியைப் பற்றிப் பேசுவதில் தவறில்லை. ஆனால் அவருக்கும் அறிவுரை பயன்படும் வடிவம் வேறு. சோற்றில் பாதியைக் குறைத்து அந்த இடத்தில் கூட்டும் கீரையும் பயறும் வைக்கச் சொல்வது அவருடைய சமையலுக்குள்ளேயே நின்று செய்யக்கூடிய மாற்றம். பழக்கமற்ற ஒரு காயைப் பழக்கமற்ற முறையில் தனியாக அவித்து உண்ணச் சொல்வது பத்து நாளில் கைவிடப்படும் நோன்பு. மேலும், சிறுபான்மையான வசதியாளருக்குப் பொருந்தும் அறிவுரையைப் பெரும்பான்மைக்கும் பொதுவிதியாக்குவது தருக்கப் பிழை. உடற்பயிற்சியின்மை, வயது, பரம்பரை, கருவிலிருந்தே தொடங்கும் ஊட்டக்குறைவு ஆகிய காரணங்களெல்லாம் சேர்ந்த ஒரு நோயை நாக்கின்மீது மட்டும் ஏற்றுவது மருத்துவப் பிழையும் ஆகும்.

இப்பிழையின் விளைவுகள்

பழியை இடம் மாற்றி வைக்கும் கருத்து செயலையும் இடம் மாற்றிவிடுகிறது. நலம் விலை உயர்ந்த பொருளில் இருக்கிறது என்று நம்பவைக்கப்பட்டவர், அப்பொருளை வாங்க முடியாதபோது தம்மால் முடிந்ததையும் கைவிடுகிறார். வேலியோரத்து முருங்கையும் கொல்லை அகத்தியும் அவர் கண்ணில் மருந்தாகவே தெரிவதில்லை. மருத்துவர் முன் உண்ணாததை உண்டதாகச் சொல்லித் தலைகுனியும் நோயாளி உருவாகிறார். ஆட்சியாளர்களுக்கோ விழிப்புணர்வு முகாம் ஒன்றை நடத்தினாலே கடமை முடிந்தது என்ற வசதி கிடைக்கிறது.

மாற்று வழி கற்பனையானதன்று. அதன் முன்மாதிரிகள் இதே மாநிலத்தில் இருக்கின்றன. 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவுத் திட்டத்தில் முட்டை சேர்ந்தபோது எந்தக் குழந்தையிடமும் மனவுறுதி கேட்கப்படவில்லை. தட்டில் முட்டை வந்தது, குழந்தை உண்டது. 2022இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 அன்று திருவாரூருக்கு அண்டையிலுள்ள திருக்குவளையில் மாநிலம் முழுமைக்கும் விரிவான காலை உணவுத் திட்டத்தில் உப்புமாவோடும் பொங்கலோடும் காய்கறி சாம்பார் பரிமாறப்படுகிறது. அதே பாதையில் அடுத்த அடிகள் தெளிவானவை. பள்ளித் தட்டில் கீரையின் அளவு உயர வேண்டும். அந்தக் கீரையை மகளிர் குழுக்களிடமிருந்து நிலையான விலைக்கு வாங்க வேண்டும். ஆய்ந்து சுத்தம் செய்த கீரை மாலையில் சிற்றூர்க் கடைக்கு வர வேண்டும். நெல்தரிசு உளுந்துக்கும் பயற்றுக்கும் நெல்லுக்குரிய கொள்முதல் உறுதி கிடைக்க வேண்டும். வடிகால் அமைந்த மேட்டுப் பாத்திகளில் காய்கறி பயிரிடும் கடைமடை உழவருக்கு விலைப் பாதுகாப்பு வேண்டும். நியாயவிலைக் கடையில் பயறு வகைகள் கூட வேண்டும். வாய்க்கால் கரைகளில் களைக்கொல்லி தெளிப்பது நிற்க வேண்டும். இவற்றில் எதற்கும் மக்களின் நாக்கு தடையாக இருந்ததில்லை.

நல்லுணவு பற்றிய எந்த அறிவுரையையும் திருவாரூரில் ஒரே அளவுகோலால் அளக்கலாம்: நடவுக் காலத்து வேலைநாள் ஒன்றில், கூலிக்குச் சென்று திரும்பிய பெண்ணின் தட்டில் அது எத்தனை கிராம் காயைக் கூடுதலாகச் சேர்க்கிறது? அந்தக் கேள்விக்கு எண்ணால் விடை சொல்லும் திட்டம் உணவுக் கொள்கை. விடை சொல்ல முடியாமல் அவளுடைய சுவையையும் உறுதியையும் குறைகூறும் பேச்சு, எவ்வளவு அறிவியல் சொற்களை அணிந்து வந்தாலும், வசதியுள்ளவர் வசதியற்றவர்மீது சுமத்தும் பழியே. அதை நல்வாழ்வு அறிவாக ஏற்பதைத் தமிழ்ச் சமூகம் நிறுத்திக்கொள்ள வேண்டும்.